துரை வீட்டுக்கு மேலே

எங்கள் ஊர்ப் பக்கம் மாடு தெரு நடுவில் படுத்துவிட்டால் அதை யாரும் எழுப்ப மாட்டார்கள். வண்டிதான் ஒதுங்கிப் போகும். ஈப்போவில் மலைகள் அப்படிப் படுத்திருக்கின்றன. சாலை ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெட்ரோல் நிலையம் இன்னொன்றின் நிழலில் நிற்கிறது. யாரோ ஒருவர் வீட்டின் பின்புறம், துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒன்று வானம்வரை எழுந்திருக்கிறது. காலையில் பனி அவற்றின் இடுப்புவரை வந்து நிற்கும். அப்போது மலைகளுக்குக் கால் இருக்காது. முதல் நாள் பார்த்தபோது, நான் இன்னும் விமானத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது.

வேலையாகத்தான் வந்தேன். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் கம்பெனி விற்ற இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் அரூருக்குப் பக்கத்தில், செங்கல் சூளையில் கல் அறுத்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். பாஸ்போர்ட் முதலில் எடுத்தவளும் நானே. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

வேலை பாதியில் இருக்கும்போது நோன்புப் பெருநாள் வந்துவிட்டது. இங்கே அதை ராயா என்கிறார்கள். தொழிற்சாலையை மூடி எல்லோரும் அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். இயந்திரத்தில் என்னோடு வேலை பார்த்த புஷ்பா என் வயதுக்காரி, ஈப்போ சிலிபின் பக்கத்துப் பெண். என்னை இந்தியா என்றுதான் கூப்பிடுவாள். இங்கத்துத் தமிழில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"ஏய் இந்தியா, தனியா ஹோட்டல்ல ஒக்காந்து செவத்தப் பாக்கப் போறியா? வீட்டுக்கு வாலா. ஒனக்குப் புடிச்ச மலை இருக்கு."

எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. அது அவளுக்குத் தெரியும். போகிற ஒவ்வொரு மாவட்டத்திலும் எது மிக உயர்ந்த இடமோ அங்கே ஏறி, வெறுங்காலோடு நிற்பேன். வழிகாட்டி கிடையாது, கூட்டமும் கிடையாது. வரைபடம், தண்ணீர் பாட்டில், நான். சேர்வராயன் மலை, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்று ஒவ்வொன்றாக நின்றாயிற்று. உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டால் அது கணக்கில் வராது. உச்சி என்றால் உச்சிதான்.

ஏறாத மலை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற முனியப்பன் கரடு. இரண்டு பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அதன் உயரம் தீர்ந்துவிடும். அங்கே பெண்கள் ஏறக்கூடாது. பெட்டை ஆடு ஏறலாம். வருஷத்துக்கொரு முறை ஆண்கள் கிடா வெட்டி, பொங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வருவார்கள். மிச்சத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கறிவாசம் மட்டும் காற்றில் இறங்கி வரும். அம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டே அதை முகர்ந்து, "இந்த வருசம் மெளகு தூக்கல்" என்பாள். கரடு மாவட்ட உச்சி இல்லையே என்று சொல்லி நான் அதை விட்டுவைத்திருந்தேன்.

பெருநாளுக்கு முந்திய நாள் கமுந்திங்கிலிருந்து புஷ்பாவின் பழைய சின்னக் காரில் கிளம்பினோம். நாடு முழுவதும் அன்றைக்கு ஒரே சாலையில் இருந்தது. எங்கள் பொங்கல் கூட்டம் பேருந்து நிலையத்தில் முண்டும், திட்டும், ஜன்னல் வழியாகத் துண்டு போடும். இங்கே கூட்டம் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறது. காரின் குளிர்சாதனம் வழியிலேயே உயிரை விட்டது. கண்ணாடியை இறக்கினோம். பொழுது சாயும் நேரம். முன்னால் சிவப்பு விளக்குகள் மலை வளைவுவரை கோலப்புள்ளி மாதிரி போயின. திடீரென்று பக்கத்துக் கார்களில் எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள். வானொலியில் பாங்கு. நோன்பு திறக்கிற நேரம். யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அடுத்த காரிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் பேரீச்சம்பழ டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். ஆளுக்கொன்று எடுத்தோம். அவள் மலாயில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"'நீங்களும் எங்கயோ ஊருக்குத்தானே போறீங்க, சாப்புடுங்க'ங்கறாங்க."

கார்கள் நகர்ந்தன. அந்தப் பெண் எந்த ஊருக்குப் போனாளோ. பழத்தின் கொட்டையை வெகுநேரம் வாயில் வைத்திருந்தேன்.

அந்த நெரிசலில்தான் புஷ்பா தன் விளையாட்டைச் சொன்னாள். அவளும் தோழிகள் சிலரும் மூடிப்போன ரப்பர் தோட்டங்களின் உச்சிகளை ஏறுகிறார்களாம். ஒவ்வொருவர் அப்பா அம்மா பிறந்த தோட்டம் எதுவோ, அதில் எது மிக உயரமோ, அங்கே.

"கித்தாவ வெட்டிட்டு செம்பனை போட்டாங்க. லயத்த ஒடைச்சிட்டு வீடு கட்டிட்டாங்க. ஒசரம் மட்டும் அங்கயே இருக்கு. அத யாரும் எடுத்துட்டுப் போக முடியலல்ல?" என்றவள், காரை ஒரு முழம் நகர்த்திவிட்டு, "இப்ப அதையும் எடுக்கப் போறாங்க" என்றாள். கித்தா என்றால் ரப்பர், செம்பனை என்றால் எண்ணெய்ப் பனை, லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் அம்மா பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டம். அதன் உச்சியில்தான் துரை பங்களா, தோட்ட மேனேஜரின் வீடு. நிலம் கைமாறிவிட்டது. ராயா விடுமுறை முடிந்ததும் மலையைச் சீவி மண்ணை அள்ளப் போகிறார்கள். இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. ஓட்டுகிறவர்கள் பெருநாளுக்குப் போயிருக்கிறார்கள். "அத சீவுறதுக்குள்ள ஒரு தடவ மேல போயி நிக்கணும்" என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

"ஒத்தக் கால்லதான் நிக்கணும். இன்னொரு முட்டி மடங்காது" என்றாள் புஷ்பா.

சிலிபினில் அவர்கள் வீட்டு வாசலில் சரோஜா அம்மா எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். இளம் வயதில் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். நான் அம்மா என்று கூப்பிட்டதும் புஷ்பா, "ரெண்டு பேரும் அம்மான்னா யாருக்குத் திரும்புவாங்க?" என்றாள். "சோறு கேக்குறவளுக்கு மொதல்ல" என்றார் அவர்.

மறுநாள் விடியலில் சரோஜா அம்மா தெருமுனைக்குப் போனார். அங்கே அரச மரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒரு முனியாண்டி. அம்மா சாமிக்கு ஒரு கை தூரத்தில் நின்று சுருட்டைக் கொளுத்தி வைத்து, "என் முட்டிக்கு நீதான் பொறுப்பு" என்று அதட்டிவிட்டு வந்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். இங்கே காலை உணவுக்கு அதுதான் பெயர். தினமும் காலையில் ஒருவர் பசியை ஆற்றிக்கொள்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குப் பெருநாள். ஊர் அமைதியாக இருந்தது. நானும் புஷ்பாவும் கிளெடாங் மலைக்குப் போனோம். ஈப்போக்காரர்கள் தினமும் ஏறும் மலை. காடு ஈரமாக மூச்சு விட்டது. இலையிலிருந்து விழும் சொட்டுகள் எங்களுக்கு முன்னால் யாரோ நடப்பதுபோல் சத்தம் போட்டன. வளைவுகளில் பனி சாலையைக் கடந்துபோனது, அவசரமே இல்லாமல். எங்கள் மலைகளில் ஏறும்போது கோவிந்தா என்றோ அரோகரா என்றோ ஒரு குரல் கூடவே வரும். இங்கே ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே ஏறினார்கள். எதிரே இறங்கி வந்த ஒரு சீனப் பெரியவர் என் மூச்சு வாங்கலைப் பார்த்து, "கா யாவ், கா யாவ்!" என்றார்.

"எண்ணெ ஊத்தச் சொல்றாரு. விடாத, ஏறுன்னு அர்த்தம்" என்றாள் புஷ்பா.

எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஏறினேன். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள். சுற்றிலும் கம்பி வேலி. மிக உயர்ந்த இடம் வேலிக்கு உள்ளே, ஒரு ஜெனரேட்டர் பெட்டிக்கு அடியில் இருந்தது. நான் பழக்கத்தில் காலணியைக் கழற்றிவிட்டு, கம்பி இடுக்கு வழியாகக் கட்டைவிரலை நுழைத்தேன்.

"என்னாலா பண்றே?"

"தொட்டுட்டேன்னு வச்சுக்கலாமா?"

"ஒன் சட்டப்படி வராது." அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்க ஊரு மலைங்கள்ல வேலி கெடையாதா?"

கரட்டைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுவும் வேலிதான். கம்பி செலவு இல்லாத வேலி" என்றாள். கீழே பனி விலகி ஈப்போ தெரிந்தது. வெள்ளை மலைகளுக்கு நடுவே கூரைகள், தண்ணீர் வற்றிய குளத்தில் கிளிஞ்சல் கிடப்பதுபோல்.

மதியம் பக்கத்து வீட்டு மலாய் அக்கா கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் கொண்டுவந்தார். கெத்துப்பாட் என்பது தென்னங்குருத்தில் முடைந்த கூட்டுக்குள் வெந்த அரிசி. எங்கள் ஊர்ப் பனையோலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ரெண்டாங் தேங்காயில் வற்றிய இறைச்சி, வழக்கமாக மாடு. "உங்களுக்குன்னு கோழியில செஞ்சேன்" என்றாராம். அரைத்த தேங்காய் எண்ணெய் விடும்வரை அடுப்பருகே நின்ற ஒருவரின் பொறுமை அதில் இருந்தது. நான் இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவை புஷ்பா பாத்திரத்தை எடுத்து ஒளித்துவைத்தாள்.

அடுத்த நாள் சுங்காய். சரோஜா அம்மா தீபாவளிப் பட்டுப்புடவை கட்டி, காலில் புஷ்பாவின் விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு வந்தார்.

"யாரு கல்யாணம்மா?" என்றாள் புஷ்பா.

"தொரை வீட்டுக்குப் போறோம்லா. சும்மாவா?"

புஷ்பாவின் அப்பா ஆறுமுகம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே தோட்டத்துக்காரர்தான். வரச் சொல்லி எவ்வளவோ கேட்டும் அசையவில்லை. "அங்க என்னா இருக்கு? பங்களாவோட நின்னுக்குங்க. அதுக்கு மேல போவாதீங்க" என்றார்.

"அதுக்கு மேல என்னாப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பாம்பு" என்று ஒலியைக் கூட்டினார்.

நெடுஞ்சாலை நிறைந்து கிடந்ததால் பழைய சாலையில் போனோம். கோப்பேங், கம்பார், தாப்பா என்று ஊர்கள் அரைத்தூக்கத்தில் வந்துபோயின. ஷட்டர் இறங்கிய கடைகளும், கடைகளை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கும் கிழவர்களும். தாப்பா தாண்டியதும் காரின் முகத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி ரேடியேட்டரை ஆறவிட்டோம். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அது குடித்தது. பீடோரில் ஒரு பழக்கடைச் சீனப் பெண்மணி பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு ஒரு கொய்யாவைக் கூடுதலாகப் போட்டார். புஷ்பா கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டினாள். சரோஜா அம்மா கொய்யாவைக் கடித்தபடி பின்னால் இருந்து பேசிக்கொண்டே வந்தார்.

"மேல போகணும்னு எப்ப இருந்தும்மா ஆசை?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ளையிலருந்து. லயத்துப் புள்ளைங்க பங்களா ரோட்டுல காலு வைக்கக்கூடாது. பந்து ஓடிப் போனாக்கூட எடுக்கப் போற சாக்குல பாத்துட்டு வரலாம். பந்து எங்க மேல போவுது? கீழதான உருளுது. ஒரு சாக்கும் கெடைக்கல எனக்கு." கொய்யாவின் கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்பினார். "வெள்ளத் தொரை போனான். பெறகு நம்ம கலருலயே ஒரு தொரை வந்தாரு. பங்களா அதே எடத்துலதான், நாங்க அதே எடத்துலதான்."

"தோட்டம் ஞாபகம் வருமா?"

"கொசுக்கடி ஞாபகம் வரும்."

செம்பனைக்குள் நுழைந்தோம். எங்கும் ஒரே மரம், ஒரே இடைவெளி, ஒரே பச்சை இருட்டு. எவ்வளவு போனாலும் நகராத மாதிரி. கனவில் ஓடுகிறோமே, அப்படி. பிறகு சட்டென்று வெளிச்சம். செம்மண் வெளி, அதில் உறங்கும் மஞ்சள் இயந்திரங்கள், ஒரு கம்பிக் கதவு, அதன் பின்னால் மரம் மூடிய மலை. மலையின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே கொஞ்சம் கடித்துவிட்டிருந்தார்கள்.

கதவில் ஒரு நேப்பாளிக் காவலாளி. பெருநாள் விடுமுறையில் வேலைக்கு மிஞ்சியது அவர்தான். புஷ்பா மலாயில் பேச, அவர் உடைந்த மலாயில் பதில் சொல்ல, இடையிடையே அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். மலை ஏற வந்திருக்கிறோம் என்றதும் அந்த மனிதர் எங்களைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"'மலை எங்கே?'ங்கறாரு" என்றாள் புஷ்பா.

அவருடைய ஊரில் இதை மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம். சரோஜா அம்மாவின் முட்டியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பிறகு கதவைத் திறந்துவிட்டார். மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும், ஏனென்றால் மழை வந்தால் இந்தச் சிறிய மண்ணுக்குக்கூடக் கோபம் வரும் என்றார்.

பங்களா சாலை தார் பெயர்ந்து பாசி படர்ந்து கிடந்தது. இருபுறமும் யாரோ ஒருகாலத்தில் ஒழுங்காக நட்ட மரங்கள். சரோஜா அம்மா குடையை ஊன்றி, நேராக ஏறாமல் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்து நடந்து ஏறினார். ஒவ்வொரு ஓரத்திலும் நின்று, "இவ்ளோ தூரம் வந்ததில்ல" என்றார். அடுத்த ஓரத்திலும் அதையே சொன்னார். நான் கை கொடுத்தபோது, "நீ முன்ன போ. ஒன்னப் பாத்துக்கிட்டே வாரேன்" என்று தட்டிவிட்டார். உச்சி என்று எத்தனையோ இடங்களுக்கு விறுவிறுவென்று ஏறியிருக்கிறேன். இவ்வளவு மெதுவாக ஏறியதில்லை. மெதுவாக ஏறினால் மலை உயரமாகிவிடுகிறது.

பங்களாவுக்குக் கூரை பாதிதான் இருந்தது. வாசலில் ஒரு கெம்போஜா மரம் வெள்ளைப் பூக்களை யாரும் நடக்காத படிகளில் உதிர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதைப் பெருங்கள்ளி என்போம். குளியலறையில் ஒரு வெள்ளைத் தொட்டி. அதில் மழைத்தண்ணீர், தண்ணீரில் வானம், வானத்தில் ஒரு தவளை. தொட்டியின் ஓரத்தில் பெரணி முளைத்திருந்தது. சரோஜா அம்மா முன்தாழ்வாரத்துக்குப் போய், பட்டுப்புடவையின் முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். கீழே செம்பனைத் தலைகள் மலையடிவரை அலையலையாகப் போயின. வெகுநேரம் பார்த்தார்.

"லயம் அந்தாண்ட இருந்துச்சு" என்றார். "இங்கேருந்து பாத்தா எறும்பு மாதிரிதான் தெரிஞ்சிருப்போம்."

அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கண் அதற்குள் பின்பக்கம் போய்விட்டது. சமையற்கட்டுக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் தரை எழும்புவதுபோல் தோன்றியது. பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். அதைப் படுக்கவைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். சூளையில் சுவர் எழுப்பும்போது அப்பா ரசமட்டம் பார்ப்பது போல. தண்ணீரின் கோட்டுக்கு மேலே பின்பக்கத்து மரங்களின் வேர் தெரிந்தது. வேரே மேலே என்றால் தரையும் மேலேதான்.

"அம்மா," என்றேன். "உச்சி இது இல்ல."

புஷ்பா என்னை முறைத்தாள். சரோஜா அம்மா மெல்லத் திரும்பினார். "பங்களாவுக்கு மேல ஏதும்மா மலை?"

பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. அவருடைய முட்டி நடுங்குவது புடவைக்கு மேலாகவே தெரிந்தது.

"அம்மா, போதும்லா. படம் எடுத்துக்கிட்டு எறங்கலாம்" என்றாள் புஷ்பா.

"கீழேருந்து பாத்தா இதான உச்சி. நாங்க கீழேருந்துதான பாத்தோம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு குடையை ஊன்றினார். "சீவிட்டான்னா பெறகு எங்க போயி ஏறுறது? போலாம்."

பாதை இல்லை. புஷ்பா முன்னால் செடிகளை விலக்கினாள், நான் பின்னால் நின்று சரோஜா அம்மாவைத் தள்ளினேன். வெட்கமில்லாமல் தள்ளு என்று அவரே சொன்னார். கொஞ்ச தூரத்தில் காடு திறந்தது. வழுக்கையான ஒரு சிறு மேடு. நடுவில் காரை பெயர்ந்த ஒரு மேடை, பாதி முறிந்து துருப்பிடித்த ஒரு சூலம், அதன் கழுத்தில் நிறம் போன ஒரு துணி. நான்கைந்து கறுப்புப் பாட்டில்கள் மண்ணில் புதைந்து கிடந்தன.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூவரும் ஒரே சமயத்தில் காலணியைக் கழற்றிவிட்டு நின்றோம்.

"முனியாண்டி" என்றார் சரோஜா அம்மா. "ஆம்பளைங்க கெடா வெட்டப் போவாங்களே, அது இதுதான். காட்டுப் பக்கம்னாங்க. அந்தாண்ட வழியாத்தான் ஏறுவாங்க." சட்டென்று ஓரடி பின்வாங்கினார். "பொம்பளைங்க வரக்கூடாது."

மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தெருவின் அகலம்கூட இல்லை. எனக்கு இந்தத் தூரம் நன்றாகத் தெரியும். அரூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் இதே தூரம்தான். எந்தச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ அது என் வாயில் வரவில்லை. இது சரோஜா அம்மாவின் மலை.

சரோஜா அம்மா கைப்பேசியை எடுத்தார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டிவைத்தார்.

"என்னாங்க, பங்களாவுக்கு மேல நிக்கிறேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. "பாம்பு இருந்துச்சா?" என்றார் ஆறுமுகம்.

"ரெண்டு காலு பாம்புதான் இருந்துருக்கு. இங்கதான் ஒக்காந்து கறி தின்னீங்களா?"

"ஆமா."

"தொரை தலைக்கு மேல?"

"ஆமாலா. கீழ ஆக்கி மேல கொண்டாந்து தின்னோம். பொகை தெரியக்கூடாதுல்ல."

"அவருக்குத் தெரியவே இல்லியா?"

"அவரு என்னைக்குப் பின்னால திரும்பிப் பாத்தாரு? முன்னால தோட்டம் தெரிஞ்சா போதும் அவருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா லயத்துக்குத் தெரியும். லயத்துக்குத் தெரிஞ்சா பங்களா குக்குக்குத் தெரியும். குக்குக்குத் தெரிஞ்சா தொரைக்கு. உடுவாரா? ஒடைச்சுப் போட்டுருவாரு."

"சரி. தொரை போயாச்சு. தோட்டமே போயாச்சு. பெறகு சொல்றதுக்கு என்னா?"

காட்டுக்குள் எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்" என்றார் ஆறுமுகம்.

புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டாள். சரோஜா அம்மா சிரிக்கவில்லை. "சாமி எங்க? மேடை காலியா கெடக்கு."

"தோட்டம் மூடுனப்பவே தூக்கிட்டு வந்துட்டோமே. நம்ம தெருமுனையில இருக்காரே, நீ தெனம் சுருட்டு கொளுத்துற. அவருதான்."

சரோஜா அம்மா கைப்பேசியை அணைத்து இடுப்பில் செருகினார். காலி மேடையைப் பார்த்தபடி நின்றார்.

"இத்தன நாளு மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கிறோம். எங்கேருந்து வந்தேன்னு அவருகூடச் சொல்லல பாரு" என்றார். பிறகு குடையை என் கையில் கொடுத்தார். "தெனம் ஒரு கை தூரத்துல நிக்கிறேன். அங்க ஒண்ணும் சொல்லாதவரு இங்க என்னா சொல்லப் போறாரு?"

நடந்தார். அந்தச் சின்னத் தூரத்தைக்கூட இந்த ஓரமும் அந்த ஓரமுமாக. மேடையில் ஒரு கையை ஊன்றி, மடங்காத காலை முதலில் தூக்கிவைத்து, ஏறி நின்றுவிட்டார். பட்டுப்புடவையின் சரிகை மழைமேகத்து வெளிச்சத்தில் மங்கலாக மின்னியது. மரங்களின் இடைவெளியில், அவர் காலுக்கும் கீழே, துரை பங்களாவின் உடைந்த கூரை தெரிந்தது. மேலிருந்து பார்க்க அது சின்ன வீடுதான்.

அவர் கூப்பிட்ட பிறகே நாங்கள் போனோம். காலைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், விரலிடுக்கில் கறுப்பாக எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது. மூவர் காலிலும். இல்லாத சாமிக்குச் செருப்பைக் கழற்றி, இருக்கிற அட்டைகளுக்குக் காலைக் கொடுத்திருந்தோம். நான் போட்ட கூச்சல் நேப்பாளிக்குக் கேட்டிருக்கும். சரோஜா அம்மா மேடையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, என் காலை மடியில் இழுத்துவைத்து, எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தெறிந்தார்.

"கத்தாத. ரத்தந்தான் குடிக்கும், ஆளக் குடிக்காது."

புஷ்பா மேற்கே பார்த்தாள். "மழ வருது, எறங்கலாம்மா."

"இரு."

சரோஜா அம்மா உட்கார்ந்தபடியே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நேற்றைய கெத்துப்பாட், நேற்றைய கோழி ரெண்டாங். திறந்ததும் தேங்காயும் எலுமிச்சைப் புல்லும் கலந்த வாசம் மேட்டைச் சுற்றிக்கொண்டது.

"இங்கயா? வண்டியில போயி சாப்பிடலாம்லா!"

"இங்க ஒக்காந்துதான தின்னாங்க? நானும் தின்னுட்டுத்தான் எறங்குவேன். வாங்க, ஒக்காருங்க."

உட்கார்ந்தோம். முதல் துண்டைச் சூலத்தடியில் ஒரு இலையில் வைத்தார், ஆள் வீடு மாறிப் போயிருந்தாலும். பிறகு எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். காற்று பங்களாப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசம் கீழே போகும். கீழே இருந்தவர்கள்தான் இல்லை. மழை தூரத்துச் செம்பனைகளின்மேல் நடந்து வருவது வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே நிறைய நேரம் இருப்பதுபோல் இருந்தது.

"செல்வி," என்றார் சரோஜா அம்மா. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒங்க ஊருல ஒரு கரடு இருக்காமே. புஷ்பா சொன்னா. அங்க யாரு திங்கறா?"

"ஆம்பளைங்க."

"ஒங்கம்மா ஏறுனதில்ல?"

"இல்ல. வாசம் மட்டும் பிடிப்பாங்க."

அவர் ஒரு எலும்பை நிதானமாகக் கடித்து முடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

"ஒங்கம்மாவுக்கு முட்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.